ஒரு சீன எழுத்தின் பொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது? எடுத்துக்காட்டு தர முடியுமா?

மலேசியாவில் சீனத் தொடக்கப்பள்ளியில் படித்தவன் என்பதால், முதலாம் ஆண்டிலேயே நான் எழுதப் பழகிய 'லாய்' என்ற எழுத்தை எடுத்துக்கொள்கிறேன். இன்று அதற்கு 'வருதல்' என்று பொருள். மலேசியாவின் பெயரைச் சீனத்தில் 'மா-லாய்-ஷீ-யா' என்று எழுதும்போது இரண்டாவதாக நிற்பதும் இதே எழுத்துதான். இதன் பழைய முழு வடிவம் ஒரு மரத்தின் இருபுறமும் இரண்டு மனிதர்கள் நிற்பதைப் போல் தோன்றுவதால், 'இருவர் மரத்தடிக்கு வருகிறார்கள்' என்று நினைவில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. 1716இல் முடிந்த காங்ஷி அகராதியும் இதை 'மனிதன்' என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. உண்மையில் அங்கே மனிதரும் இல்லை, மரமும் இல்லை. அது ஒரு கோதுமைச் செடி.

ஹெனான் மாநிலத்து ஆன்யாங் அருகே கிடைத்த, 3000 ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரசர் காலத்துக் குறி எலும்புகளில் (குறி கேட்பதற்காக எழுத்துப் பொறித்த எலும்புகளில்) இந்தச் செடியைத் தெளிவாகப் பார்க்கலாம்: நட்டுக்குத்தாக ஒரு தண்டு, உச்சியில் சற்றே சாய்ந்த கதிர், இருபுறமும் மடிந்து தொங்கும் தாள்கள், அடியில் பிரிந்து செல்லும் வேர். பிற்காலத்தில் மனிதர்களாகத் தெரிந்தவை அந்தத் தாள்களே.

கோதுமை எப்படி 'வருதல்' ஆயிற்று என்பதற்கு ஒலிதான் விடை. தமிழைப் படங்களால் எழுத வேண்டியிருந்தால், ஆறு என்ற எண்ணைக் குறிக்க ஓடும் ஆற்றை வரைந்திருப்போம் அல்லவா? அதைப் போலவே, படமாக வரைய முடியாத 'வருதல்' என்ற சொல்லுக்கு, ஏறக்குறைய அதே ஒலியுடைய கோதுமையின் படத்தைக் கடன் வாங்கினார்கள். இந்தக் கடன் மிகப் பழமையானது. 'இன்று மழை; மேற்கிலிருந்து மழை வருமா, கிழக்கிலிருந்து வருமா, வடக்கிலிருந்து வருமா, தெற்கிலிருந்து வருமா?' என்று கேட்கும் புகழ்பெற்ற குறி எலும்புக் குறிப்பொன்றில், நான்கு திசைக்கும் 'வரும்' என்ற இடத்தில் அந்தச் செடியே நிற்கிறது.

கி.பி. 100 அளவில் தம் அகராதியை எழுதி முடித்த ஷூ ஷென், கோதுமை, ஷாங் அரசர்களுக்குப் பின் ஆண்ட சோவ் மரபினருக்கு வானிலிருந்து வந்த கொடை, அதனால் அதன் எழுத்து 'வருதல்' என்ற பொருளைப் பெற்றது என்று விளக்கினார். குறி எலும்புகளைக் காணாதவர் அவர். கோதுமை மேற்காசியாவிலிருந்து சீனத்துக்கு வந்த பயிர் என்பதால் அவருடைய விளக்கம் என்னை ஈர்க்கிறது என்றாலும், ஒலிக்கடன் ஒன்றே போதுமான காரணம் என்றுதான் நான் கருதுகிறேன்.

எழுத்தைப் பறிகொடுத்த கோதுமைக்கு, அதே செடியின் அடியில் ஒரு பாதத்தைச் சேர்த்த 'மாய்' என்ற வேறோர் எழுத்து நிலைத்தது. நடப்பதைக் காட்டும் பாதம் 'வருதல்' என்ற சொல்லுக்கே உரியது, இரண்டு எழுத்துகளும் இடையில் இடம் மாறிவிட்டன என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஷீஜிங் என்ற பழஞ்சீனப் பாடல் தொகுதியில், சோவ் மரபின் முன்னோன் ஹௌஜியைப் போற்றும் பாடலில் 'லாய்' இன்னும் தானியமாகவே இருக்கிறது.

அதன் பிறகு பொருள் விரிந்துகொண்டே போயிற்று. வர இருக்கும் ஆண்டு, எதிர்காலம் ஆகிய சொற்களில் அது காலத்தைக் குறித்தது. 'ததாகதர்' என்ற புத்தரின் பெயரை 'அவ்வாறு வந்தவர்' என்றும் 'அவ்வாறு சென்றவர்' என்றும் பிரிக்கலாம். சீன மொழிபெயர்ப்பாளர்கள் 'வந்தவர்' என்பதைத் தேர்ந்து 'ரூ-லாய்' என்று எழுதினார்கள்.

இன்று உணவகத்தில் அமர்ந்து 'லாய் யீ வான் மியென்' என்றால், 'ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொடுங்கள்' என்று பொருள். பழைய வடிவில் எழுதினால் இந்த நான்கு எழுத்துகளில் முதலாவது கோதுமைச் செடி. கடைசி எழுத்தான 'மியென்' என்பதன் இடப்பாதியிலும், மாவுப் பண்டம் என்று காட்டுவதற்காக, கோதுமை இருக்கிறது. 1956இல் சீனா அறிவித்த எளிமையாக்கத்தில் முதல் எழுத்தின் தாள்கள் இரண்டு புள்ளிகளாகச் சுருங்கின. கடைசி எழுத்துக்குப் பதிலாக, அதே ஒலியுடைய 'முகம்' என்ற எழுத்து வந்து அமர்ந்தது.