இலையின் அடிப்பக்கம் தெரிய வேண்டும்!

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஆறு பேர் வாட்ஸ்அப்பில் மாடித்தோட்டப் படங்களைப் பகிர்ந்துகொள்கிறோம். இலையில் இருக்கும் பூச்சியே தெரியாத அளவுக்குப் படம் மங்கிவிடுகிறது. போனும் நிறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால்தான் மங்குகிறது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே தெரியும் ‘எச்டி’யைத் தொட்டு அனுப்புங்கள், மாவுப்பூச்சியை அடையாளம் காண அதுவே போதும். அசுவினி போன்ற பொடிப் பூச்சிக்கு ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். ஆனால் கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால், வீடு இருக்கும் இடமும் படத்தோடு போய்விடும். தோழிகளுக்குள் பரவாயில்லை, வெளிக்குழுக்களுக்கு வேண்டவே வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள்; அசுவினி பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் போய் வீடியோ ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினால் போன் அவ்வளவு சீக்கிரம் நிறையாது. காலை வணக்கப் படங்களுக்குத் தனிக் குழு வையுங்கள்.