வாசகர் கேள்வி – பதில்: குடலில் விளையும் வைட்டமின் உடம்பில் சேருமா?

பழைய சோற்றில் பி12 ஏராளம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நாங்கள் சைவம், எனக்கு பி12 குறைவு. மாத்திரையை விட்டுவிட்டு நீராகாரம் குடிக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் நம் தேவைக்கு ஈடாகும் அளவு பி12 தருவதில்லை. நம் பெருங்குடலிலேயே பி12 தயாரிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவை குடியிருக்கும் இடம்தான் நமக்குத் தோதாக இல்லை. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால்தான் அது ரத்தத்தில் சேரும். பெருங்குடல் அதற்கும் அப்பால் இருக்கிறது. அங்கே உண்டான பி12 மலத்தோடு போய்விடும். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்று இந்த இழப்பை ஈடுகட்டுகிறது. மாட்டுக்கு அந்தக் கவலையே இல்லை: பாக்டீரியா வேலை செய்யும் பெரிய பை சிறுகுடலுக்கு முன்னாலேயே இருக்கிறது. அப்படிச் சேர்ந்த பி12-தான் நமக்குப் பாலில் வருகிறது.

250 மில்லி பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஏற்கெனவே குறைந்துவிட்டவர்களுக்குப் பாலும் மோரும் மட்டும் போதாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். அவர்கள் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது ஆகியவற்றை அலட்சியப்படுத்தினால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம்.

பழைய சோற்றின் அருமை வேறு. வெந்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காதபடி இறுகிவிடும். அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. அதைத் தின்று அவை வெளியிடும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் உட்சுவர் செல்களுக்கு முதன்மையான எரிபொருள்.

செய்முறையில் கவனம் வேண்டும். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரை, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். சாதாரண நாளில் 10 மணி நேரம், சித்திரை வெயிலில் 8 மணி நேரம் போதும். தண்ணீர் லேசாகக் கலங்கி, இளம்புளிப்பு வாசம் வந்தால் பதம். கொழகொழத்து நூல் இழுத்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். மதியம் வடித்த சோறு ராத்திரி வரை சட்டியிலேயே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதை ஊறப்போடவே கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, அந்தச் சூட்டில் பெருகும். அது விடும் நஞ்சுகளில் ஒன்று மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது.

குடல் பாக்டீரியா வைட்டமின் கே தயாரிக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் பிறந்த குழந்தைக்கு கே ஊசி?
– ஒரு வாசகர், நெல்லை

பிறந்த குழந்தையின் குடலில் அந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை என்பது ஒரு காரணம். ரத்தம் உறைய கே அவசியம். நஞ்சுக்கொடி வழியாக அது மிகக் குறைவாகவே வருகிறது, தாய்ப்பாலிலும் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் முதலில் செழிப்பவை பைஃபிடோபாக்டீரியங்கள். அவற்றில் பல ஃபோலேட் என்ற பி வைட்டமினைத் தயாரிக்கும், கே தயாரிப்பதில்லை. பாக்டீராய்ட்ஸ், ஈ கோலை போன்ற பாக்டீரியாக்கள்தான் கே2 என்ற கே வகையைத் தயாரிப்பவை. பாக்டீரியா தரும் இந்த வகையை அமெரிக்க உயிர்வேதியியலாளர் எட்வர்ட் டாய்சியின் குழுவினர் 1939-இல் அழுகிய மீன்மாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கே-யைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாமுடன் டாய்சிக்கு 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசி போடாவிட்டால் முதல் வாரத்தில் தொப்புளிலோ குடலிலோ ரத்தம் கசியலாம். 2 முதல் 12 வாரத்துக்குள் மூளையிலும் கசியலாம். அதுதான் மிகக் கொடியது. தொடையில் ஒரே ஊசி, 1 மில்லிகிராம். 1 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அதில் பாதி. மறுக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது தயிர் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

சேர்க்கலாம், மாத்திரையோடு சேர்த்து வேண்டாம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டையும் தயிரிலுள்ள கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரைக்கும் அதே இடைவெளி. மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு பேதி என்றால் பேதியை அடக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்கள் ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்த மருந்துகள் உடலில் கழிவதைத் தாமதப்படுத்தும். குடலில் கே குறைவதும், சாப்பாடு இறங்காததும் கூடச் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்ப்பது நல்லது.

நார்ச்சத்து கூட்டியதும் வயிறு உப்புகிறதே?
– ஒரு வாசகர், சேலம்

ஒரேயடியாகக் கூட்டியிருப்பீர்கள். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையிலேயே சுமார் 12 கிராம் இருக்கிறது. முதல் வாரம் கால் கப்பில் தொடங்குங்கள், வாரத்துக்குக் கால் கப் ஏற்றுங்கள். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். தண்ணீர் குடிப்பதையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலம் இறுகும்.

தயிர் சாதத்துக்குச் சோறு சூடாக இருக்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

குழைத்துப் பிசைந்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும்வரை ஆறவிடுங்கள். பிறகு தயிர். ஆவி பறக்கும் சோற்றில் ஊற்றினால் தயிரின் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி செத்துவிடும், தயிரும் திரிந்துபோகும். தாளிதமும் ஆறிய பிறகே சேரட்டும்.