எந்த அரசின் கையைக் கட்டியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள் 1791-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. வழக்கறிஞரின் துணை பெறும் உரிமை ஆறாம் திருத்தத்தில் இருக்கிறது. ஆனால் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்ற தீர்ப்பு 1963-ல்தான் வந்தது. இடைப்பட்ட 172 ஆண்டுகள் அந்த உரிமை எங்கே போயிருந்தது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்தப் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசின் கையை மட்டுமே கட்டின. முதல் திருத்தம் தொடங்குவதே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இன்னின்ன சட்டங்களை இயற்றக் கூடாது என்றுதான். அதில் மாநிலங்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

பால்டிமோரில் ஜான் பாரனுக்கு ஒரு படகுத்துறை இருந்தது. நகராட்சி தெருப்பணிக்காக ஓடைகளைத் திருப்பிவிட, மண் வந்து படிந்து துறையின் ஆழம் குறைந்தது. கப்பல்கள் அணைய முடியவில்லை. சொத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிற ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி அவர் வழக்காடினார். அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கைவிரித்துவிட்டார். சாதாரண மனிதர் அன்றாடம் எதிர்கொள்ளும் போலீஸ், நீதிமன்றம், சிறை பெரும்பாலும் மாநிலத்தினுடையவை. உரிமை எங்கே தேவையோ அங்கே அது இல்லை.

இதை மாற்றியது உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் வந்த பதினான்காம் திருத்தம். தோற்ற தென்மாநிலங்கள் மீண்டும் காங்கிரஸில் இடம்பெற இதை ஏற்றாக வேண்டும் என்று 1867-ல் சட்டமே போட்டார்கள். "எந்த மாநிலமும்" உரிய சட்டமுறை இன்றி ஒருவரின் உயிரையோ விடுதலையையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது இது. அந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் குடிமக்களின் சிறப்புரிமைகளைக் காக்கும் இதன் இன்னொரு வாசகத்தை உச்ச நீதிமன்றம் 1873-ல் 5-4 என்ற கணக்கில் ஏறக்குறையச் செல்லாக்காசாக்கிவிட்டது. என் பார்வையில் அந்நீதிமன்றம் செய்த பெரும் பிழைகளில் ஒன்று அது. முன்வாசல் அடைபட்டதால், "உரிய சட்டமுறை" என்ற பக்கவாசல் வழியாக உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. பேச்சுரிமை 1925-ல். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சாட்சியத்துக்குத் தடை 1961-ல்.

உங்கள் கேள்விக்குரிய வழக்கு கிளாரன்ஸ் கிடியனுடையது. மத்திய நீதிமன்றங்களில் ஏழைக்கு வக்கீல் என்பது 1938-லேயே உறுதியாகியிருந்தது. கிடியன் நின்றதோ புளோரிடா மாநில நீதிமன்றத்தில். மரண தண்டனை வழக்குக்குத்தான் வக்கீல் தருவோம் என்றார்கள். தானே வாதாடித் தோற்றவர், சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் விடுதலையானார்.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. அளவுமீறிய அபராதத்துக்கு எதிரான எட்டாம் திருத்தப் பாதுகாப்பு மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று 2019-ல்தான் தீர்ப்பானது. அதிகபட்ச அபராதம் 10,000 டாலராக உள்ள குற்றத்துக்கு, சுமார் 42,000 டாலர் பெறுமான காரை இந்தியானா மாநிலம் பறிக்கப் பார்த்த வழக்கு அது. குற்றம் சாட்டுமுன் குடிமக்கள் அடங்கிய பெருநடுவர் குழு ஆராய வேண்டும் என்ற ஐந்தாம் திருத்த விதி இன்றைக்கும் மாநிலங்களைக் கட்டாது.

திருத்தம் எதைத் தடுக்கிறது என்பதையும் சொல்சொல்லாகப் பாருங்கள். 1870-ன் பதினைந்தாம் திருத்தம் வாக்குரிமையைத் "தரவில்லை". இனம், நிறம், முன்னாள் அடிமைநிலை ஆகிய காரணங்களால் மறுக்கக் கூடாது என்றது, அவ்வளவே. வேறு காரணம் கண்டுபிடிப்பது தென்மாநிலங்களுக்குக் கடினமாக இல்லை. மிசிசிப்பி 1890-ல் வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரியும், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்தோ கேட்டோ விளக்கும் தேர்வும் கொண்டுவந்தது. விளக்கம் சரியா என்று தீர்மானித்தவர் பதிவு அதிகாரி; கறுப்பர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து கொத்துக் கொத்தாக மறைந்தன. 1964-ன் இருபத்து நான்காம் திருத்தம் தலைவரியை ஒழித்தது, அதுவும் மத்திய தேர்தல்களுக்கு மட்டும். மாநிலத் தேர்தல்களில் அதை 1966-ல் நீக்க நீதிமன்றம் கையில் எடுத்தது, மறுபடியும் பதினான்காம் திருத்தத்தைத்தான்.