வாகனம்: வாசகர் கேள்வி பதில் – பழைய ஜீப்பும் எண்ணெய்க் கசிவும்

கேள்வி: என்னிடம் சிஜே 3பி வகையைச் சேர்ந்த பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. இரவு முற்றத்தில் நிறுத்தினால், காலையில் வண்டியின் நடுப்பகுதிக்கு நேர்கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்புற ஆயில் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) ஆறு மாதத்தில் இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. இப்போது கைபிரேக்கும் பிடிப்பதில்லை. "பழைய ஜீப் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது பாதிதான் சரி. மூடிகளைச் சுற்றி எண்ணெய் ஈரம் படிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் அதை வயதின் அடையாளம் என்று விட்டுவிடலாம். ஆனால் மொத்தம் இரண்டு லிட்டர்கூடக் கொள்ளாத டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓர் இரவில் உள்ளங்கையளவு சொட்டினால், உள்ளே பல்சக்கரங்கள் வறண்டு தேய நெடுநாள் ஆகாது.

இரண்டு புதிய சீல்கள் அடுத்தடுத்துத் தோற்றிருப்பதால், குற்றம் சீலில் இல்லை என்றே கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் இரண்டிலும் எண்ணெய் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்றிப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு எண்ணெய் நிற்பதே சரியான மட்டம். டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் பொங்கி வழிந்து, கியர்பாக்ஸிலோ விரலை விட்டாலும் எட்டவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்து, முன்பெட்டியின் எண்ணெய் மெல்ல மெல்லப் பின்பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒட்டியமர்ந்த இவ்வகை ஜீப்புகளில் இது பழகிய நோய்தான். இதைக் கவனிக்காமல் பின்புறச் சீலை எத்தனை முறை மாற்றினாலும், நிரம்பி வழிவது வழிந்துகொண்டேதான் இருக்கும்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரீதர். ஓடும்போது பெட்டிக்குள் காற்று சூடேறி விரியும். அது வெளியேறுவதற்கு வைத்த சிறு துளை சேறும் உப்பு மணலும் ஏறி அடைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் அழுத்தம் எண்ணெயைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளிவிடும். நானே ஒரு வண்டியின் பின்னச்சுச் சீலை ஒரே மாதத்தில் இருமுறை மாற்றிவிட்டு, மூன்றாம் முறை படுத்துப் பார்த்தபோதுதான் பிரீதரில் குளவி மண்கூடு கட்டியிருந்ததைக் கண்டேன். மண்ணைக் குத்தி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவியதோடு வேலை முடிந்தது.

மூன்றாவது, சீலின் உதடு உரசும் உலோகப் பரப்பு. ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் அது மாட்டும். அப்படி மாட்டினால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது. மெல்லிய எஃகு உறை ஏற்றலாம், அல்லது லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம். இடமிருந்தால், புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தி, உதடு தேயாத பகுதியில் படும்படி செய்வதும் உண்டு. சீலைப் பூட்டுமுன் உதட்டில் எண்ணெய் தடவுங்கள். அதன் சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும்.

கைபிரேக் தனிக் கோளாறு அன்று. உங்கள் வண்டியில் கைபிரேக் டிரம் அந்தச் சீலுக்கு வெளியே, பின்னச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் தலைப்பில் இருக்கிறது. ஒழுகிய எண்ணெயில், டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் ஊறியிருக்கும். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண் வேலை, மாற்றிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வகைக் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஆகையால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால், கைபிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருண்டுவிடக்கூடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

கேள்வி: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் என் ஜீப்பை அச்சு மூழ்கும் ஆழத்தில் ஓட்டினேன். அச்சு எண்ணெயை இன்னும் மாற்றவில்லை. இப்போது ஒரு பின்சக்கரத்தின் உட்புறம் ஏதோ கசிந்து, அந்தப் பக்கம் பிரேக் வழுக்குகிறது. பிரேக் ஆயிலா, அச்சு எண்ணெயா என்று எப்படி அறிவது?
– வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: கசிவில் ஒரு சொட்டை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். அச்சு எண்ணெய் மிதக்கும், கையில் கெட்டியாகப் பிசுபிசுத்துக் கந்தக நெடி அடிக்கும். பிரேக் ஆயில் என்றால் சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைப் பழுது பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். அச்சு எண்ணெய் என்றால் உட்சீலையும், அதில் நனைந்த பிரேக் ஷூவையும் மாற்றுங்கள்.

எது கசிந்தாலும் அச்சு எண்ணெயை உடனே வடித்துவிடுங்கள். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வடியும் எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடி நட்டைத் திறக்குமுன், ஊற்றுவாய் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த வண்டிக்குத் திரும்ப எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. தண்ணீரில் இறங்குவது தவிர்க்க முடியாத ஊர் என்பதால், பிரீதருக்கு ரப்பர் குழாய் மாட்டி அதன் நுனியை பானெட்டுக்குள் உயரத்தில் கட்டிவைப்பது நல்லது.

கேள்வி: ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூள் போடலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வழியில் நின்றுவிட்டால், பட்டறை வரை வந்துசேர அது உதவும். ஊர் வந்ததும் தண்ணீரை வடித்து, நன்றாகக் கழுவி, ஓட்டையைப் பற்றவைத்துவிடுங்கள்; தூள் தங்கினால் மெல்லிய குழாய்களை அடைத்து, கசிந்த வண்டியைக் கொதிக்கும் வண்டியாக்கிவிடும். ரேடியேட்டரில் கூலண்ட் இருந்தால், வடித்ததை முற்றத்தில் விட்டுவைக்க வேண்டாம். அது இனிக்கும் நஞ்சு. தெருநாய்கள் நக்கிக் குடித்துவிடும்.