என் தலை, என் உரிமையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தினமும் மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று வருகிறாள். ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் போனால் என்னை நிறுத்தி அபராதம் விதிக்கிறார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மிதிவண்டிக்கும் ஒரு சட்டம் வேண்டாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: சகோதரி, உங்களை நிறுத்துவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நான்கு வயதைத் தாண்டிய குழந்தை பின்னால் அமர்ந்திருந்தாலும் அதற்கும் தலைக்கவசம் வேண்டும், தவறினால் அபராதம் 1,000 ரூபாய். மிதிவண்டி மோட்டார் வாகனம் அல்ல என்பதால் உங்கள் மகள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை.

சமவெளியில் இந்தப் பாகுபாட்டில் நியாயம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துச் செல்வதையும், மோட்டார் சைக்கிளில் 60இல் பறப்பதையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் நம் ஊரில் இன்ஜின் இல்லாத குறையை இறக்கம் தீர்த்துவிடுகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 33 கிலோமீட்டர் சாலையில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கினால்தான் மேட்டுப்பாளையம் வருகிறது. அந்தச் சாலையில் பெடலைத் தொடாமலேயே மிதிவண்டி 40 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும்.

இதை எழுதும் மேசையின் மீது என் அக்காள் மகனுடைய தலைக்கவசம் இருக்கிறது. மூடுபனி விலகாத ஒரு காலையில், வளைவொன்றில் நனைந்து கிடந்த தைல மர இலைகளின் மீது அவன் சக்கரம் வழுக்கி, சாலையோரக் கருங்கல் தடுப்பில் தலை மோதியது. வெளி ஓட்டில் சில கீறல்கள்தான். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை மட்டும் வலது காதுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு நசுங்கி, அங்கிருந்து மயிரிழை போன்ற ஒரு விரிசல் நெற்றிப் பக்கம் ஓடுகிறது. அந்த நசுங்கலில்தான் தலைக்கவசத்தின் வேலை அடங்கியிருக்கிறது: நுரை அமுங்கும் அந்த நொடிப்பொழுதில் தலை சற்று மெதுவாக நிற்கிறது, மூளை மண்டையோட்டில் மோதும் வேகமும் குறைகிறது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆனாலும் மாலையில் தன் அம்மாவை அடையாளம் கண்டு பேசினான்.

ஒரு குடும்பத்து அனுபவத்தை மட்டும் வைத்துச் சட்டம் கேட்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். காயமடைந்த 64,000க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகவும், கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாகவும் இருந்தது. எனவே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அபராதம் போட்டு அதைச் செய்ய வேண்டியதில்லை. ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் அரசு, அத்துடன் ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்து வழங்கலாம். தலைக்கவசம் இல்லாத மிதிவண்டிக்கு இடமில்லை என்று பள்ளியும் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பரவலாக வழங்கும் ஐரோப்பியத் தரத்தின்படி மிதிவண்டித் தலைக்கவசத்தைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிக்கிறார்கள்; அது தரையைத் தொடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40இல் மோதினால் தாக்கத்தின் ஆற்றல் அதைப் போல் நான்கு மடங்காகிவிடும். ஆகவே மகளின் வண்டியில் முதலில் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். அவற்றில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் மிதிவண்டிகளை வாடகைக்கு விடுகிறேன். எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். விழுந்தால் அடிபடுவது அவரவர் தலை. அதில் அரசுக்கும் எனக்கும் என்ன வேலை?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஐயா, உங்கள் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1990ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எல்லா வயதினருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அணிபவர்கள் பெருகினார்கள், ஆனால் பதின்வயதினர் மிதிவண்டியில் செல்வது குறைந்தது. இஸ்ரேல் 2007இல் இப்படியொரு சட்டம் இயற்றி, 2011இல் நகரங்களுக்குள் பெரியவர்களுக்கு அதைத் தளர்த்திக்கொண்டது. நெதர்லாந்தில் அப்படிச் சட்டமே இல்லை. அவர்கள் தனிப் பாதை அமைத்து மக்களைக் காத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் மிதிவண்டி ஏழையின் வண்டி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், யார் தயவும் இல்லாமல் சந்தைக்குப் போகவும் அவர்களால் முடிந்தது. அன்று ஒரு காவலர் அவர்களை மறித்துத் தலைக்கவசம் எங்கே என்று கேட்டிருந்தால், எத்தனை பேர் வண்டியைத் திண்ணையில் சாத்திவிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதனால்தான் வளர்ந்தவர்கள் எல்லோரையும் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் ‘எனக்கு என்ன வேலை’ என்று நீங்கள் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனிமனித உரிமைக்காக வாதாடியவர்களில் முதன்மையானவரான ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே ஒரு பாலத்தை உதாரணமாகக் காட்டினார். இடிந்து விழப்போகும் பாலம் என்று தெரியாமல் ஒருவன் அதில் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுப்பது அவன் உரிமையைப் பறிப்பதாகாது, ஏனெனில் ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை. ஆபத்து உறுதியாக இல்லாமல், நேரக்கூடும் என்ற அளவில் இருந்தால், எச்சரித்துவிட்டு முடிவை அவனிடமே விட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கு இந்த விதி பொருந்தாது என்றும் அவர் சொன்னார்.

உங்களிடம் வண்டி எடுப்பவர்களில் பலர் சமவெளியிலிருந்து வருபவர்கள். 1863இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கால அதிகாரி லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டும் வரை அவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. அந்தத் தெம்பில் ஒருவர் வில்பட்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினால், அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கடும் தலைக்காயத்தோடு மதுரைக்குக் கொண்டுபோக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே பத்துத் தலைக்கவசங்களையாவது வாங்கிக் கடை முன் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள். பெரியவர்களிடம் பாதையைச் சொல்லி எச்சரித்து, அணிவதை அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மாட்டாமல் வண்டி கொடுக்காதீர்கள். தந்தையே வேண்டாம் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் பழைய பைக் ஹெல்மெட் ஒன்று இருக்கிறது. மிதிவண்டிக்கு அதையே போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு மாணவர், குன்னூர்

பதில்: தம்பி, இறக்கத்தில் அது நன்றாகவே காப்பாற்றும், ஏற்றத்தில் மிதிக்கும்போது வியர்த்துப் புழுங்கிக் கழற்றிவிடுவாய், பின்னால் வரும் பேருந்தின் ஒலியும் சரியாகக் கேட்காது. ஏற்கெனவே ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட கவசம் என்றால் வேண்டவே வேண்டாம், நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. காற்றுத் துளைகள் உள்ள மிதிவண்டித் தலைக்கவசத்தையே வாங்கிக்கொள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவு இடம் விட்டு, தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிக் கட்ட வேண்டும்.