ரயிலை விரட்டாதீர்கள், முந்திப் போய் நில்லுங்கள்: மலைநாட்டு வீதிகளில் ரயில் ரசிகர்களுக்கான கேள்வி பதில்

ஹட்டனில் சாரதிப் பயிற்சி அளிப்பவரும், ஓய்வு நாட்களில் கெமராவோடு தண்டவாளத்தோரம் நிற்பவருமான நம் மூத்த உறுப்பினர், காரிலும் மோட்டார் சைக்கிளிலும் ரயிலைப் பின்தொடர்ந்து படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கொட்டகலை வாசகர்: ஐயா, ஹட்டனில் பொடி மெனிக்கேயைப் படம் எடுத்துவிட்டு, அதே ரயிலைத் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் மறுபடி பிடிக்க முடியுமா? எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும்?

முடியும். அதற்கு வேகம் தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. றம்புக்கணைக்கு மேலே பாதை ஏறத்தாழ 44 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. வளைவுகளோ மிகவும் இறுக்கமானவை. அதனால் எந்த இயந்திரம் பூட்டியிருந்தாலும் ரயில் நிதானமாகவே ஏறும். நீங்கள் ஏ7 வீதியில் அவசரமே இல்லாமல் போனாலும் அதை முந்திவிடுவீர்கள். அதிலும் தலவாக்கலையைக் கடந்த பிறகு தண்டவாளம் வட்டகொடை, கிரேட் வெஸ்டன், ரதல்ல என்று சுற்றிக்கொண்டு போகும்போது, வீதி லிந்துலை வழியாக நேரே நானுஓயாவுக்குப் போய்விடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துங்கள். தலவாக்கலையில் ஒரு படம் எடுத்துவிட்டு, இடையில் எதற்கும் ஆசைப்படாமல் நானுஓயாவுக்கு முன்கூட்டியே போய் நின்றால், தேநீர் குடிக்கவும் நேரம் கிடைக்கும்.

விபத்துகள் நடப்பது ரயிலை முந்துவதில் அல்ல, அதற்குப் பக்கத்திலேயே ஓட்டிப் போவதில். ஜன்னலுக்கு வெளியே தெரியும் நீல நிறப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற ஒருவருடைய கை, அவர் அறியாமலே அந்தப் பக்கம் திரும்புகிறது. காருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் குடியிருப்புப் பகுதிகளில் 50, அதற்கு வெளியே 70 கிலோமீற்றர். ஆனால் கொட்டகலை வளைவுகளில் 70 இல் போகிறவரை நான் நல்ல சாரதி என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இனியும் சொல்வேன்: ஓட்டுகிறவர் படம் எடுக்கக் கூடாது, படம் எடுப்பவர் ஓட்டக் கூடாது.

நானுஓயாவுக்கு ரதல்ல குறுக்கு வீதியால் போக நினைத்தால், அதன் சரிவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2023 சனவரி 20 ஆம் திகதி மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று அங்கேதான் வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் இறந்தார்கள்.

வட்டவளை வாசகர்: உடரட்ட மெனிக்கே வட்டவளைக்கு எத்தனை மணிக்கு வரும்?

நிலைய அதிபரிடம் கேளுங்கள். ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் ரயில் தாமதித்தால் இரண்டும் மாறிச் செல்லும் நிலையமே மாறிவிடும். அச்சிட்ட நேர அட்டவணையை நம்பிக் காரை விரட்டுவதில் பயனில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி பாதையைப் பல இடங்களில் சிதைத்ததை நேரில் பார்த்தவர்கள், ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்காமல் வீட்டை விட்டுப் புறப்பட மாட்டார்கள்.

நாவலப்பிட்டி வாசகர்: காவலாளி இல்லாத புகையிரதக் கடவையில், ரயில் தூரத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தால் கடந்து போய் மறுபக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. கடவையைப் பாதுகாப்பற்ற முறையில் கடப்பதற்கான தண்டம் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. ஆனால் நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. மலைநாட்டில் ரயில் எங்கே இருக்கிறது என்பதைக் காது சரியாகச் சொல்வதில்லை. ஏறி வரும் ரயிலின் இயந்திரம் முழு பலத்தோடு உறுமுவதால் இரண்டு மலைக்கு அப்பாலிருந்தே கேட்கும். இறங்கி வரும் ரயிலின் இயந்திரமோ இழுக்கும் வேலை இல்லாமல் மெதுவாக முனகிக்கொண்டு வரும். சக்கரம் வளைவில் உராயும் கீச்சொலிதான் முதலில் கேட்கும், அது கேட்கும்போது ரயில் கண்முன்னே நிற்கும். இதோடு மழையும் சேர்ந்தால் அதுவும் கேட்காது. கடவைக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பாட்டை அணைத்து, இரு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபக்கத்தில் உங்கள் வாகனம் முழுவதும் நிற்க இடமிருந்தால் மட்டும் கடங்கள். ஒரு ரயில் போனவுடன் தண்டவாளத்தில் வேறு எதுவும் வராது என்றும் எண்ணாதீர்கள். பாதை பரிசோதிக்கும் சிறு வண்டிகள் ஓசையின்றி வரும்.

பதுளை வாசகர்: எல்லயிலிருந்து கும்பல்வெல பக்கம் வரும்போதும், ஹாலிஎல இறக்கத்திலும் எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது என் வழக்கம். தவறா?

தவறுதான், ஆபத்தான தவறு. நியூட்ரலில் விட்டால் வாகனத்தின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். அது சூடேறி, கருகிய வாடை வந்து, பெடல் மென்மையாகிக் கீழே போகத் தொடங்கும்போது உங்களுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டு வளைவுகள் இருக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஹைபிரிட் கார்களில் அதற்கென்றே 'பி' என்ற நிலை இருக்கிறது. ஓட்டுநர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டதே இல்லை. வாடை வந்துவிட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்றைய புதிய கார்களில் எரிபொருள் மிச்சமாவதும் இல்லை. கியரில் இறங்கும்போது பெரும்பாலும் எரிபொருள் வழங்கலே நின்றுவிடுகிறது.

லிந்துலை வாசகர்: கிரேட் வெஸ்டனுக்கு மேலேயுள்ள தோட்டத்து வீதியிலிருந்து வளைவில் வரும் ரயில் அழகாகத் தெரியும். அங்கே காரில் போகலாமா?

தோட்டத்து வீதி தோட்டத்துக்குரியது. காரியாலயத்திலோ காவற்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லொறி வரும். பிற்பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வீதி நிறைய நடப்பார்கள். இந்த இரண்டு நேரத்திலும் காரைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். எதிரே வாகனம் வந்தால் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும்.

கொழுந்து லொறி ஓட்டும் சாரதி, தலவாக்கலை: மன்னிக்க வேண்டும் ஐயா. இது புத்தகத்தில் சரி. மழை நாளில் பாரத்தோடு நான் இறங்கும்போது, கீழேயிருந்து ஒரு சின்னக் கார் 'நான் ஏறுகிறேன்' என்று நடுவில் வந்து நின்றால், நான் எங்கே போவது? பின்னால் எடுக்கச் சொன்னால் லொறி சேற்றில் சறுக்கும்.

விதியைச் சொல்வது என் தொழில் அண்ணே. ஏறும் வாகனம் நின்றால் மறுபடி கிளப்புவது கடினம் என்பதால்தான் அந்த விதி வந்தது. உங்களுக்காக அதை மாற்ற முடியாது. ஆனால் விதி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே சாரதி: ஒப்புக்கொண்டால் போதாது. படம் எடுக்க வருகிறவர்கள் உங்கள் பதிலை வாசித்துவிட்டு எங்களோடு வாதாடுவார்கள்.

நுவரெலியா வேன் சாரதி: நானும் அண்ணன் பக்கம்தான். பள்ளத்தின் பக்கம் இருக்கும் வாகனம் அசையாமல் நிற்க வேண்டும், மலைப் பக்கம் இருப்பது ஒதுங்கிப் போக வேண்டும். ஏறுவதா இறங்குவதா என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

கொட்டகலை வாசகர்: அப்படியென்றால் என் காரைப் பள்ளத்தின் பக்கம் நிறுத்திவிட்டால் எப்போதும் நான்தான் அசையத் தேவையில்லையா?

இதோ, இதைத்தான் பயந்தேன். மூவருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன். இரு வாகனங்களும் சாதாரண கார்களாக இருந்தால் விதியே முடிவு: இறங்குபவர் வழிவிடுகிறார். ஒன்று பாரமேற்றிய லொறியாக இருந்தால், ஏறினாலும் இறங்கினாலும், பின்னெடுக்க எளிதாக இருக்கும் வாகனமே ஒதுங்கும் இடத்துக்குப் பின்னெடுக்கும். இது அந்த லொறிச் சாரதிக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, சறுக்கி வரும் லொறி மோதினால் உங்கள் கார்தான் நசுங்கும். பள்ளத்தின் பக்கம் சக்கரம் இருப்பவர் ஓர் அங்குலமும் வெளியே நகரக் கூடாது என்று வேன் சாரதி சொன்னது முற்றிலும் சரி. மழைக்குப் பிறகு அந்த ஓரத்து மண் மேலே உறுதியாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. பயணிகளில் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கையால் காட்டட்டும். தம்பி, உங்கள் கேள்விக்கும் பதில்: பள்ளத்தின் பக்கம் கார் நிறுத்துகிற எவரையும் என் வகுப்பில் மறுபடி முதல் பாடத்துக்கு அனுப்புவேன்.

தலவாக்கலைச் சாரதி: இப்போது சரி. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடியுங்கள். படம் எடுக்கிறவர்கள் மௌன விரதத்தில் வருகிறார்கள்.

சேர்த்துக்கொண்டேன்.

மஸ்கெலியா வாசகர்: நல்ல படத்துக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?

அது என் துறை அன்று. படப்பிடிப்பு தெரிந்த உறுப்பினர்களிடம் கேளுங்கள்.

நுவரெலியா வாசகர்: பட்டிப்பொலயில் ஒரு படம், ஹப்புத்தளையில் அதே ரயிலின் இன்னொரு படம். வழி சொல்லுங்கள்.

அந்த ஆசையை விடுங்கள். பட்டிப்பொலதான் நம் நாட்டின் மிக உயர்ந்த நிலையம், ஏறத்தாழ 1,891 மீற்றர். அதைக் கடந்து உச்சிச் சுரங்கத்துக்குள் புகுந்து ஊவாப் பக்கம் வெளியே வரும் ரயில், ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று மலைவிளிம்பிலேயே ஹப்புத்தளைக்கு ஓடிவிடுகிறது. வீதிக்கு அந்த வழி இல்லை. பட்டிப்பொலயிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி ஊடாக ஒஹியவுக்குப் போவதென்றால் அது தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு வேண்டும், பூங்காவின் விதிகள் வேண்டும், மரைகள் குறுக்கே வரும், அங்கே அவசரமாக ஓட்டவே கூடாது. வெலிமடை, பொரலந்த வழியாகச் சுற்றினால் ரயில் எப்போதோ போய்விட்டிருக்கும். இப்படிச் சுற்றியும் பிடித்துவிடலாம் என்று ஓட்டுகிறவர்கள்தான் தொடர்கோட்டைத் தாண்டி பஸ்ஸை முந்துகிறார்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உச்சியின் இந்தப் பக்கம் மழையாகவும் மறுபக்கம் வெயிலாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊவாப் பக்கம் போகிறவர்களுக்கு என் பரிந்துரை தெமோதரை. பதுளைக்கு இறங்கும் ரயில் நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு நடந்தே போனால், ஒரே ரயிலை மேலேயும் கீழேயும் பார்க்கலாம். சக்கரத்தை ஒரு முறைகூட உருட்டத் தேவையில்லை.

பண்டாரவளை வாசகர்: ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் கார் போகுமா? பாலத்தில் நின்று எடுக்கலாமா? ட்ரோன்?

காரை எல்ல நகரில் விடுங்கள். பாலத்துக்கு இறங்கும் ஒடுங்கிய பாதையில் முச்சக்கரவண்டிகளே ஒன்றையொன்று கடக்கத் தவிக்கின்றன. எல்லோரும் நடக்கிறார்கள் என்பதால் தண்டவாளத்தில் நடப்பது சட்டபூர்வமாகிவிடாது; 1902 ஆம் ஆண்டின் புகையிரதக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1921 இல் கட்டி முடித்த பாலம் அது, பக்கத்து மேட்டிலிருந்தே அதன் முழு வடிவமும் தெரியும். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பாருங்கள்.

ஹப்புத்தளை வாசகர்: பனிமூட்டத்தில் நான்கு சிக்னல் விளக்குகளையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது நல்லதுதானே?

இல்லை. ஓடும்போது அவற்றைப் போட்டால் நீங்கள் திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாது, நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. தாழ்ந்த ஒளி போதும். உயர்ந்த ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். இதல்கஸ்ஹின்ன பக்கம் பனி இறங்கினால் ரயிலே தெரியாது, பிறகு எதற்கு ஓட்டம்?

டொரன்டோவிலிருந்து, பூர்வீகம் பண்டாரவளை: கனடா அனுமதிப்பத்திரத்தோடு டிசம்பரில் வந்து வாடகைக் கார் ஓட்டலாமா?

அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுங்கள், அல்லது சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இங்கே உரிய அங்கீகாரம் பெறுங்கள். அனுமதியில்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிடும். இடது பக்கம் ஓட்டிப் பழக முதல் இரண்டு நாட்களைச் சமவெளியில் கழித்துவிட்டு மலைக்கு வாருங்கள்.

ரொசல்ல வாசகர்: பொடி மெனிக்கே ரொசல்லவுக்கு எத்தனை மணி?

மேலே வட்டவளை வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

ஹட்டன் கல்லூரி மாணவர்: சேர், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் எழுந்து நின்று வீடியோ எடுத்தால்? ஓட்டுபவர் எடுக்கவில்லையே.

தம்பி, விதியை நன்றாகப் படித்திருக்கிறீர்கள். பின்னால் இருப்பவர் எழுந்தால் வளைவில் சைக்கிளின் சமநிலை போய்விடும். இருவருக்கும் தலைக்கவசம், இரண்டு பாதங்களும் மிதியில், கைத்தொலைபேசி சட்டைப்பையில். நிறுத்திவிட்டு எடுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள். அதற்கு முன்னால் அவரைத் தூக்கி முச்சக்கரவண்டியில் மடித்து வைக்காதீர்கள்.

கினிகத்தேனை வாசகர்: இரவு அஞ்சல் ரயிலைக் காரில் பின்தொடர்ந்து, விடியலில் நானுஓயாவில் எடுக்க நினைக்கிறோம்.

பின்னிரவில் மலை வீதி, உறக்கமில்லாத சாரதி, வழியெல்லாம் பனி. 2025 மே 11 ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிட வேண்டாம். முதல் நாள் மாலையே நானுஓயாவுக்குப் போய்த் தங்குங்கள், அல்லது நாவலப்பிட்டியில் காரை விட்டுவிட்டு அந்த ரயிலிலேயே ஏறுங்கள்.

எஞ்சியுள்ள கேள்விகள் எல்லாம் ரயில் நேரம் பற்றியவை. அவற்றை அந்தந்த நிலையத்தில் கேளுங்கள்.