குழுப் படத்தில் இல்லாதவர்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 44 வயது, வங்கியில் வேலை. ஓர் ஓட்டக் குழுவில் இருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸில் கூடுவோம். போன டிசம்பரில், புற்றுநோய்க்கு உதவ நடத்தும் கோவை மாரத்தானில் அரை மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 29 நிமிடத்தில் முடித்தேன். இரண்டரை மணிக்குள் வரவேண்டும் என்பது ஒரு வருட ஆசை. என் வாட்ச் 21.4 கிலோமீட்டர் காட்டியது. அப்படியென்றால் என் உண்மையான நேரம் இன்னும் குறைவுதானே? குழுவில் பதினோரு பேர் ஓடினோம். மெடலோடு படம் எடுத்து, பொங்கல் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஓர் அண்ணா மட்டும் ரொம்ப லேட். அவர் படத்தில் இல்லை.

நான் ஸ்டேட்டஸ் போட்டதைப் பார்த்துவிட்டுக் கொழுந்தனார் கேட்டார்: “கேன்சருக்கு உதவணும்னா அந்தப் பணத்தை நேரா ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியதுதானே? எதுக்கு ஓடணும், எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் செய்வது வெறும் பகட்டா? நீங்களே சொல்லுங்கக்கா. அப்புறம், நீண்ட தூரம் ஓடினால் கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த 2 மணி 29 நிமிடத்துக்கு மனமார்ந்த வாழ்த்து. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த வேகத்தைக் கடைசி வரை விடாமல் பிடித்து வருவது லேசான காரியமில்லை. வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் இருட்டோடு எழுந்து போனவருக்குத்தான் அது வரும். ஸ்டேட்டஸ் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. நம் ஊரில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு, தன் உடம்பால் இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கிறது? தாராளமாகப் போடுங்கள்.

வாட்ச் விஷயத்தை விட்டுவிடுங்கள். பாதையை அளக்கிறவர்கள், வளைவுகளில் உள்பக்கமாக ஒட்டி, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டைத்தான் அளப்பார்கள். நாம் ஆட்களைச் சுற்றிக்கொண்டும் தண்ணீருக்கு ஒதுங்கியும் ஓடுகிறோம். மரத்தடியில் வாட்ச்சும் தடுமாறும். சான்றிதழில் இருப்பதுதான் உங்கள் நேரம்.

கொழுந்தனார் சொல்வது பாதி சரி. பொதுவாக நுழைவுக் கட்டணத்தில் பெரும்பகுதி டி-சர்ட்டுக்கும் மெடலுக்கும் நேரம் பார்க்கும் சிப்புக்கும் தண்ணீருக்குமே போய்விடும். அதைக் கட்டியதோடு தர்மம் முடிந்தது என்று நினைத்தால் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் இந்த ஓட்டங்களில் பணம் சேருவது வேறு வழியில். லண்டன் மாரத்தான் 1981இல் தொடங்கியது. இதுவரை நூறு கோடி பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்த்திருக்கிறது. அங்கே தொண்டு அமைப்புகளுக்கென்று இடங்கள் உண்டு. அதில் ஓடுகிறவர் ஏறக்குறைய இரண்டாயிரம் பவுண்டு திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டுதான் வருவார். அலுவலகத்தில், தெருவில், உறவில் போய்க் கேட்பார். சும்மா போய்க் கேட்டால் யார் கொடுக்கிறார்கள்? “நான் இவ்வளவு தூரம் ஓடப்போகிறேன்” என்று சொல்லிக் கேட்டால் கொடுக்கிறார்கள். மும்பை மாரத்தானும் இப்படித்தான் வளர்ந்தது. நீங்கள் ஓடியதை 2013 முதல் நடத்திவருவது கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷன். யாருக்காக ஓடுகிறோம் என்பதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அடுத்த முறை முதல் ஆளாகக் கொழுந்தனாரிடம் கேளுங்கள். அவர் பணம் நேராகவே போய்ச் சேரட்டும்.

சரி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. “ஓர் அண்ணா மட்டும் ரொம்ப லேட். அவர் படத்தில் இல்லை.” இந்த இரண்டு வரிதான். இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு பேர் ஓடினோம் என்கிறீர்கள். பத்துப் பேர் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். பதினோராவது மனிதர் அப்போது எங்கே இருந்தார்? எந்தக் கிலோமீட்டரில்? ஓடிக்கொண்டிருந்தாரா, நடந்தாரா, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருந்தாரா? யாராவது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் நேரம், வாட்ச் காட்டிய தூரம், நகத்தின் நிறம் எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அவருடைய நேரம் இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தினமும் காலை ஐந்து மணிக்கு உங்களோடு வந்து நிற்கும் மனிதர் அவர்!

சில வருடங்களுக்கு முன் முட்டி வலியால் ஓட முடியாமல், சென்னையில் ஓர் ஓட்டத்துக்குத் தண்ணீர் மேசையில் வாலன்டியராக நின்றேன். அரை மாரத்தான்காரர்களுக்குப் பதினெட்டாவது கிலோமீட்டர். கோப்பையில் பாதிதான் ஊற்றவேண்டும், அடியில் பிடிக்காமல் விளிம்பில் பிடித்து நீட்டவேண்டும், ஓடுகிறவர் நிற்காமல் எடுத்துக்கொள்வார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வேகமாக வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க நேரமும் இல்லை. நடுவில் வருகிறவர்கள் கூட்டமாக வருவார்கள், கை வலிக்கும் வரை ஊற்றவேண்டும். அப்புறம் ஓர் இடைவெளி. அதற்குப் பிறகு வருகிறவர்கள் நின்று குடிப்பார்கள், பேசுவார்கள். வெயில் ஏறியிருந்தது. உப்பு தீர்ந்துவிட்டது, வாழைப்பழத்தில் தோல்தான் மிச்சம். நடத்துகிறவர்களின் ஆட்கள் வந்து மேசையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாலையில் கூம்புகளை எடுத்துவிட்டதால் பஸ்கள் வர ஆரம்பித்தன. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் உப்பு கேட்டார், எங்களிடம் இல்லை.

அந்த நேரம் எதிர்த்திசையிலிருந்து மூன்று பெண்கள் நடந்து வந்தார்கள். கழுத்தில் மெடல், டி-சர்ட்டில் உப்புக்கோடு, காலை இழுத்து இழுத்து வைக்கிறார்கள். முடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் திரும்ப நடந்து வந்திருக்கிறார்கள், அந்த அம்மாவைத் தேடி. ஒருத்தி கையில் ஓஆர்எஸ் பொட்டலம். இன்னொருத்தி அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மூன்றாமவள் சாலைப் பக்கமாகப் போய், பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டாள். “அக்கா, இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு, பேசிக்கிட்டே போயிரலாம்” என்றார்கள். “இதோ வந்தாச்சு” என்று பொய் சொல்லவில்லை பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. தூரத்தைப் பற்றி ஓடுகிறவரிடம் பொய் சொல்லக்கூடாது. நான்கு பேரும் கிளம்பிப் போனார்கள். இன்றும் குழு என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்கள் முகம்தான் வரும்.

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஓர் ஓட்டம் இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமாக. முதல் உலகப்போரில் இறந்த தோழர்களின் நினைவாக, போருக்குப் போய்வந்த விக் கிளாப்பம் என்பவர் 1921இல் தொடங்கினார். கருப்பினத்தவரையும் பெண்களையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு 1975 வரை ஆனது. தோழமை என்று பெயர் வைத்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் பாதி ஊரை வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று அங்கே 12 மணி நேரம் கெடு. கெடு முடியும்போது ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துப்பாக்கியால் சுடுவார், யார் முகத்தையும் பார்த்து மனம் இளகிவிடக்கூடாது என்று. ஒரு நொடி தாமதமானாலும் மெடல் கிடையாது. அதனால் மெதுவாக ஓடுகிறவர்கள் கூட்டம் சேர்ந்துகொள்வார்கள். அதற்கு “பஸ்” என்று பெயர், முன்னால் ஓடுகிறவர் டிரைவர். எப்போது ஓடுவது, எப்போது நடப்பது என்று அவர்தான் சொல்வார். பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். டிரைவர் நினைத்தால் இன்னும் வேகமாகப் போகக்கூடியவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். எந்தச் சட்டை, எந்தக் குழு என்று யாரும் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? முடிவுக்கோட்டில் ஒரே நிறச் சட்டைகள் ஒரே இடத்தில் நிற்கும். அந்த நிறம் வந்தால் கூச்சல், விசில். வேறு நிறம் வந்தால் கை கட்டிக்கொள்வார்கள். சொந்த நிறத்திலும் பேனர் பிடிக்க ஆள் இருக்கும், கடைசி ஆளுக்குக் காத்திருக்க ஆள் இருக்காது. இதில் உங்களைவிட உங்கள் குழுத் தலைவர் மேல்தான் எனக்குக் கோபம். தலைவர் என்றால் கடைசி ஆள் வரும் வரை பொங்கல் பக்கம் போகக்கூடாது. எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணத் தெரியாதவருக்கு எதற்குத் தலைமை? குழந்தைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் வாத்தியார் இதைச் செய்யாமல் பஸ் ஏறுவாரா?

புற்றுநோய்க்காக ஓடுவது பற்றிக் கேட்டதால் டெர்ரி ஃபாக்ஸைச் சொல்லாமல் விட முடியாது. புற்றுநோயில் வலது காலை இழந்த கனடாக்காரப் பையன். 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கரையில் தொடங்கி, செயற்கைக் காலோடு தினமும் ஒரு மாரத்தான் தூரம் என்று 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவி நிற்கவேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூனில் 22 வயதில் போய்விட்டான். அவன் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் வெற்றியாளரும் இல்லை, பரிசும் இல்லை. இது பலருக்கும் தெரியும். அவனோடு கூடவே வேனை ஓட்டிவந்த பள்ளித் தோழன் டக் ஆல்வர்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவனும் ஓட்டக்காரன்தான். ஒரு மைல் முன்னால் போய் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். டெர்ரி வந்ததும் தண்ணீர் கொடுப்பான். மறுபடி ஒரு மைல். சமையலும் அவன்தான். நடுவில் இருவருக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தையே நின்றுபோய், பெற்றோர் விமானத்தில் வந்து சமாதானம் செய்யவேண்டி வந்தது. அப்போதும் வண்டி ஒரு மைல் தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தது. எனக்கு அந்த ஓட்டத்தில் பாதி டக்குடையது.

நேரம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2:29ஐ 2:20 ஆக்குங்கள், நன்றாக ஓடுங்கள், ஓடும்போது யாருக்காகவும் நிற்கவேண்டாம். முடித்த பிறகு நில்லுங்கள். இந்த டிசம்பரில் முடித்ததும் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் ஆறி, உப்பும் பழமும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப நடங்கள். உங்கள் ஆள் வரும் வரை வருகிற எல்லோருக்கும் கை தட்டுங்கள், எந்த நிறமானாலும். படம் அப்புறம் எடுக்கலாம். வருடத்தில் ஓர் ஓட்டத்துக்காவது பெயர் கொடுக்காமல் தண்ணீர் மேசைக்குப் போங்கள். அந்த அண்ணாவை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நகத்துக்கு: ஓட ஓட கால் வீங்கி விரல் முன்னால் போய் இடிக்கிறது, அதனால்தான் கறுக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். புது ஷூவோடு நேராகப் போட்டிக்குப் போய்விடாதீர்கள், இரண்டு மூன்று வாரமாவது ரேஸ்கோர்ஸில் போட்டு ஓடிப் பழக்குங்கள்.

அன்புடன்,
அக்கா